பத்திரத்திலிருந்து கம்பி வரை: எங்கள் வீட்டு அனுமதியின் பதிவு

வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பிளான் அப்ரூவல் வாங்க எவ்வளவு நாள் ஆனது? நேராகப் பதில் சொன்னால் கேட்பவருக்குப் பயன் இருக்காது. எல்லாக் காகிதங்களும் கையில் இருந்தால் சிறிய வீட்டுக்கான அனுமதி உடனே கிடைக்கும் நிலை தமிழ்நாட்டில் வந்துவிட்டது. அந்தக் காகிதங்களைச் சேர்த்து, அவை சொல்லும் அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒத்துப்போகும்படி செய்வதில்தான் எங்களுக்கு மாதங்கள் போயின. அனுமதி கிடைத்த பிறகு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது; அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எங்களுடையதைப் போன்ற வீட்டின் அடித்தளத்தையும் கம்பியையும் நிலைக்கு நிலை வந்து பார்த்துவிட்டு "சரி, கான்கிரீட் போடுங்கள்" என்று சொல்ல அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவதில்லை. அதை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் நாங்கள் செய்த முறையை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காவிரி டெல்டாவில் ஒரு நகராட்சி. அப்பா 1994இல் வாங்கிய மனை. கிழக்கு மேற்கில் 30 அடி, வடக்கு தெற்கில் 60 அடி, மொத்தம் 1,800 சதுர அடி என்பது பத்திரக் கணக்கு. அதில் இருந்த ஓட்டு வீட்டை இறக்கிவிட்டுத் தரைத்தளமும் முதல் தளமுமாகப் புதிதாகக் கட்டுவது திட்டம். தளத்துக்கு ஏறத்தாழ 800 சதுர அடி.

முதலில் நிலம்

யாரோ ஒருவர் தம் வயலைத் துண்டு போட்டு விற்ற இடம் அது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் புறநகர்த் தெருக்கள் பெரும்பாலும் அப்படித்தான் உருவாயின. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்பது அவற்றின் சாரம். அப்பா விற்கும் எண்ணம் இல்லாதவர். இருந்தும் பணம் கட்டி வரன்முறை ஆணையை வாங்கிவைத்திருந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. ஒப்புதலும் இல்லாமல் வரன்முறையும் இல்லாமல் இருந்திருந்தால் கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் வாசற்படியிலேயே நின்றிருக்கும்.

அவர் வைத்திருந்த நகலில் ஆணை இருந்தது, அதனோடு சேர்ந்த வரைபடத் தாள் இல்லை. மனை எண்ணும் சாலை அகலமும் அந்தத் தாளில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினேன். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நகல் கட்டணத்தைச் செலுத்தியதும் சான்றிட்ட வரைபடம் கிடைத்தது. பழைய ஆணை எதையாவது தேடி அலைபவர்கள் முதலில் இந்த மனுவைப் போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

அடுத்தது பெயர். அப்பா காலமான பிறகு அம்மா, தம்பி, நான் மூவரும் வாரிசுகள். வங்கிக் கடன் என் பெயரில் என்பதால் அம்மாவும் தம்பியும் தங்கள் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுத்தார்கள். "அக்கா, எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் கீழ்த்தளம் ஆயுள் முழுக்க என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடு" என்றான் தம்பி. சேர்த்தோம். வங்கியின் வழக்கறிஞர் அந்த வரியை ஏற்றுக்கொள்வாரா என்று எழுதும் முன்பே கேட்டுக்கொண்டோம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்தில் இப்படியொரு பாதுகாப்பைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வேலைகளின் வரிசை முக்கியம். வாரிசுச் சான்று, அதன்பின் விடுதலைப் பத்திரம், அதை வைத்துப் பட்டா மாறுதல், பிறகு சொத்து வரியில் பெயர் மாற்றம், எல்லாவற்றுக்கும் கடைசியில் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். வில்லங்கச் சான்றை முதலிலேயே எடுத்துவிட்டால் விடுதலைப் பத்திரம் அதில் இருக்காது. மறுபடி எடுக்க வேண்டும். வங்கி 30 ஆண்டுகளுக்குக் கேட்டது, மூலப்பத்திரங்களோடு.

பட்டாவில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவின் பெயர் கூட்டுப் பட்டாவில், பழைய வயலின் புல எண்ணில், வேறு பலரின் பெயர்களோடு இருந்தது. வெறும் பெயர் மாற்றம் கேட்டால் கூட்டுப் பட்டாதான் மறுபடி வரும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு மனு கொடுத்தோம். அப்போதுதான் நில அளவர் நேரில் வந்து மனையை அளந்து, நமக்கென்று ஓர் உட்பிரிவு எண் கொடுத்து, புலப்படத்தில் கோடு போடுவார். தனிப்பட்டா இல்லாமல் வரைபடம் வரையத் தொடங்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்வேன்.

நாடா போட்டு அளந்தபோது

பத்திரத்தில் 30 அடி. நாடா போட்டால் மேற்குப் பக்கத்துச் சுற்றுச்சுவர் வரை 29 அடி 4 அங்குலம். குறைவது எட்டு அங்குலம்தான். ஆனால் பக்கவாட்டு இடைவெளி அங்குலக் கணக்கில் நிற்கும் மனையில் எட்டு அங்குலம் என்பது ஒரு சுவரின் கனம்.

மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவோடு ஒரே நாளில் மனை வாங்கியவர். அவரிடம் போய் நின்றேன். "பெரியப்பா, உங்கள் சுவர் எங்கள் பக்கம் வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அளந்து பார்க்க மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். "சுவரைப் பார்க்காதே அம்மா, கல்லைத் தேடு. கல் எங்கே இருக்கிறதோ அங்கே நானும் வந்து நிற்கிறேன்" என்றார். எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனுவை எங்கள் பக்கத்தில் எஃப் லைன் மனு என்பார்கள். அதைக் கொடுக்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது. அளக்கும் நாளில் அவர்களுக்கும் தகவல் போகும். அலுவலகத் தாள் வழியாக அவர்கள் அதைத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

சாக்கடைப் பலகைக்கு அடியில் எல்லைக்கல் கிடைத்தது. சுவர் சரியான இடத்தில்தான் இருந்தது. வயலைப் பிரித்து விற்றபோதே அந்த வரிசையில் எல்லா மனைகளுக்கும் சில அங்குலங்கள் குறைவு. பத்திரங்களில் மட்டும் முழு எண். உட்பிரிவுப் பட்டாவில் எங்களுக்கு 164 சதுர மீட்டர் என்று வந்தது. பத்திரத்தின் 1,800 சதுர அடி என்பது 167 சதுர மீட்டர்.

இங்கே பலர் பத்திர அளவைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அனுமதிக் கோப்பைப் பார்ப்பவர்கள் பத்திரம், பட்டா, தரை ஆகிய மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே எங்கள் இஞ்சினியரிடம் 29 அடி 4 அங்குலத்தையே மனையின் அகலமாக வைத்து வரையச் சொன்னேன். ஒரு படுக்கையறை கொஞ்சம் சுருங்கியது. அதற்குப் பதிலாக, பின்னாளில் எவர் வந்து அளந்தாலும் வரைபடமும் வீடும் ஒன்றாக இருக்கும்.

வரைபடத்தில் கவனித்தவை

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுமைக்கும் அடிப்படை. முன்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் விடுவது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. அவரவர் மனைக்கு அட்டவணையில் எந்த வரி பொருந்துகிறது என்பதை இஞ்சினியரோடு உட்கார்ந்து நாமே ஒருமுறை படித்துவிட வேண்டும். விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

விதி மீட்டரில் பேசுகிறது, மேஸ்திரி அடியில் பேசுகிறார். ஒன்றரை மீட்டர் என்பது 4 அடி 11 அங்குலம். அதை "அஞ்சு அடி" என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை, ஓர் அங்குலம் கூடுதல்தான். ஒரு மீட்டரை "மூணு அடி" என்று சொல்லிவிட்டால் மூன்று அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். மேலும், இடைவெளி என்பது பூச்சு முடிந்த சுவரின் வெளிப்புறத்திலிருந்து. தூண்களுக்கு மையக்கோடு குறிக்கும்போது தூணின் பாதிக் கனம், அதற்கு வெளியே செங்கல் நீட்டம், அதற்கு மேல் பூச்சு என்று மூன்றையும் கூட்டிப் பார்த்தோம். எங்கும் விதி கேட்பதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டோம். வேலையில் கை தவறினாலும் அந்த இரண்டு அங்குலம் தாங்கிக்கொள்ளும்.

வரைபடத்தையே மாற்ற வைத்தது தெருவின் மின்கம்பி. எங்கள் வீட்டுக்கு எதிரே 11 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பி போகிறது. முதல் வரைபடத்தில் முதல் தளத்தின் முன்னால் ஒரு பால்கனி இருந்தது. மின் பாதுகாப்பு விதிகளின்படி 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்தின் மிக நெருங்கிய பகுதிக்கும் இடையே கிடைமட்டமாக 1.2 மீட்டர் இருக்க வேண்டும். கம்பி கட்டடத்தின் மேலாகப் போனால் செங்குத்தாக 3.7 மீட்டர். வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கிடைமட்டத்தில் அதே 1.2 மீட்டர்தான், செங்குத்தாக மட்டும் 2.5 மீட்டர். காற்றில் கம்பி ஆடும்போது எவ்வளவு நெருங்கி வருமோ அங்கிருந்து கணக்கிட வேண்டும்.

இதை அளக்க யாரும் இரும்பு நாடாவையோ கம்பியையோ மேலே தூக்கக் கூடாது. இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே தரையில் ஒரு கயிற்றை நேராகக் கட்டி, கம்பத்தின் குறுக்குச் சட்டம் எங்கள் பக்கம் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு, தரையிலேயே மனை வரை அளந்தோம். பால்கனியின் கைப்பிடிச் சுவர் அந்த 1.2 மீட்டர் வரம்புக்கு மிக அருகில் வந்தது. சந்தேகத்தைத் தீர்க்க மின்வாரிய ஊழியரையே அழைத்துக் காட்டினோம். பால்கனியைப் பின்பக்கம் மாற்றிவிட்டோம். விதி அனுமதித்திருந்தாலும் மாற்றியிருப்பேன். துணி காயப்போடும் கம்பு, குழந்தைகளின் கை, பெயின்ட் அடிப்பவர் தூக்கும் அலுமினிய ஏணி, எல்லாமே கைப்பிடிச் சுவருக்கு வெளியேயும் போகும். மாடியில் நின்றவர் மின்சாரம் தாக்கி இறந்தார் என்ற செய்தியை நாளிதழ்களில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

கழிவுநீரும் வரைபடத்தோடு சேர்ந்ததுதான். எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மனையின் நீளமே 60 அடி, அதாவது 18.3 மீட்டர். எங்கள் ஆழ்துளைக் கிணற்றைப் பின்மூலையில் வைத்துக் கழிவுநீரை முன்னால் கொண்டுவந்தாலும் பக்கத்து வீட்டுக் கிணறு முன்புறம் இருக்கிறது. ஆகவே நீர் கசியாத தொட்டியாகக் கட்டி, நிரம்பினால் லாரியில் எடுக்கும் முறைக்குப் போனோம். செலவு தொடரும்தான். பக்கத்து வீட்டுக் கிணற்றில் நம் கழிவு இறங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் மாநிலத்தில் கட்டாயம். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு எழுதிவிட்டால் காகிதத்தளவில் விதி நிறைவேறிவிடும். எங்கள் மண்ணோ மேலே களி, கீழே மணல். களியில் தோண்டிய குழி நீரை வாங்காது. ஆழ்துளைக் கிணறு போட்டபோது எந்த ஆழத்தில் மணல் வந்தது என்று எழுதிவைத்திருந்ததால் சேகரிப்புக் குழியின் துளையை அந்த ஆழம் வரை இறக்கினோம்.

விண்ணப்பம்

இது மிகச் சிறிய பகுதி. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பு என்றால் சுய சான்று முறையில், அதாவது விவரங்கள் சரி என்று நாமே உறுதி கூறி, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். 2024 ஜூலை 22 அன்று இந்த முறை தொடங்கியது. பத்திரம், பட்டா, வரன்முறை ஆணை, வரைபடம் ஆகியவற்றை ஏற்றி, கட்டணத்தைச் செலுத்தினோம், அனுமதி இறங்கியது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கான நிதியும் உண்டு. மதிப்பீட்டில் நூற்றுக்கு ஒன்று. அந்தப் பணத்தை யாரும் குறைசொல்ல வேண்டாம். நம் வீட்டுச் சாரத்தில் ஏறுகிறவர்களின் விபத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிற பணம் அது.

இடையில் ஒருவர் வந்து "முழுவதும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு பெரிய தொகை சொன்னார். எதற்கெல்லாம் எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். அதன்பின் வரவில்லை. உடனடி அனுமதி என்பதன் பொருள், நாம் சொல்வதை நம்பித் தருகிறார்கள் என்பது. தவறான விவரம் கொடுத்திருந்தால் அனுமதியை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கையெழுத்து நம்முடையது. விவரத்தை வேறொருவர் நிரப்பினால் அவர் என்ன நிரப்பினார் என்று கூடத் தெரியாமல் நாம் பொறுப்பேற்க நேரும்.

அனுமதியையும் வரைபடத்தையும் கண்ணாடித் தாளிட்டு மனையின் முன்னால் மாட்டிவைத்தோம். கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் ஒப்புதல் பெற்ற வரைபடம் கட்டுமிடத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று தந்த தீர்ப்பு ஒன்றில் வலியுறுத்தியிருக்கிறது. நடைமுறையிலும் இதனால் நன்மை உண்டு. யார் வந்து கேட்டாலும் விரலை நீட்டிக் காட்டிவிடலாம். மேஸ்திரியும் சந்தேகம் வந்தால் அங்கேதான் போய்ப் பார்த்தார்.

எங்கள் கையில் இருந்த ஆய்வு

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்த மாலையில் அப்படியே அமர்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்கும் அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எங்களுடையது இரண்டு தள வீடு. அந்த அளவுக்கு ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் அனுமதித் தாள் இடைவெளிகளையும் உயரத்தையும் பற்றியது. மண் என்ன தாங்கும், தூணுக்குள் என்ன கம்பி இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நிலைக்கு நிலை ஆய்வு செய்ய முடிவெடுத்தோம். எங்கள் வீட்டைக் கட்டாத, வேறோர் ஓய்வுபெற்ற இஞ்சினியரைக் குறிப்பிட்ட கட்டங்களில் மட்டும் வந்து பார்க்கக் கட்டணம் பேசினோம். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை. அவர் வரும் முன் கான்கிரீட் போடக் கூடாது என்று மேஸ்திரியோடு போட்ட ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம்.

முதலில் மண் பரிசோதனை. டெல்டாக் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். "பக்கத்து வீட்டுக்கு நாலடிதானே" என்ற பேச்சு வந்தது. பரிசோதனை அறிக்கை சொன்ன ஆழத்துக்கு இறங்கினோம்.

அடுத்து மூலைமட்டம். மூலையிலிருந்து ஒரு பக்கம் 12 அடி, மறுபக்கம் 16 அடி. குறுக்கே 20 அடி வந்தால் மூலை சரி. நான்கு மூலைகளிலும் பார்த்தபின் முழுச் செவ்வகத்தின் இரண்டு குறுக்கு அளவுகளையும் ஒப்பிட்டோம். பிறகு எல்லைக்கல்லிலிருந்து ஒவ்வொரு தூணின் மையத்துக்கும் உள்ள தூரத்தை எழுதிக்கொண்டோம். பக்கத்துச் சுவரிலிருந்து அளக்கவில்லை. சுவரைப் பெயின்ட் அடிக்கலாம், பூசலாம், இடிக்கலாம். கல் நகராது.

கம்பியில் பார்க்க வேண்டியவை வரைபடத்திலேயே இருக்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினாலே போதும். ஆய்வுக்கு வந்த இஞ்சினியர் அடிக்கடி நின்று பார்த்த இடங்கள் சில. அடித்தளத்தில் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 50 மில்லிமீட்டர், தூணில் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை வர வேண்டும். அதற்குக் கவர் பிளாக் என்னும் சிறு கட்டிகளை இடையில் வைக்க வேண்டும். உடைந்த செங்கல்லையும் ஜல்லியையும் சொருகி வைப்பதை உடனே எடுக்கச் சொன்னார். எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மேலே இருக்கிறது. உறை மெலிந்தால் கம்பி துருப்பிடித்துச் சில ஆண்டுகளிலேயே தூண் வெடிக்கும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் இரண்டு முனைகளிலும் நெருக்கமாக இருக்க வேண்டும். அவற்றின் கொக்கி முனைகள் வெறும் தொண்ணூறு பாகையில் நிற்காமல் 135 பாகைக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும். கம்பிகளை ஒட்டுப்போடும் இடம் எல்லாத் தூண் கம்பிகளுக்கும் ஒரே உயரத்தில் வரக்கூடாது. கம்பி கட்டிய இளைஞர் முதலில் முகம் சுளித்தார். காரணத்தை இஞ்சினியர் தரையில் படம் வரைந்து சொன்ன பிறகு, மேல் தளத்தில் யாரும் சொல்லாமலே அப்படியே கட்டியிருந்தார். பாராட்டினேன், மனதாரத்தான்.

தளக் கான்கிரீட் அன்று வரும் வாக்குவாதம் தண்ணீரைப் பற்றியது. "அம்மா, இன்னும் ஒரு குடம் விட்டால்தான் கலவை கம்பிக்குள் இறங்கும்" என்றார் மேஸ்திரி. "வேண்டாம் மேஸ்திரி. வைப்ரேட்டரை இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லுங்கள்" என்றார் இஞ்சினியர். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போகும், அது இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். வலிமை அங்கே குறைகிறது. அன்றைய கான்கிரீட்டிலிருந்து 150 மில்லிமீட்டர் அச்சுகளில் ஆறு கட்டிகள் எடுத்தோம். 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கட்டிகள் என்பது தர விதி. அருகில் உள்ள பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் 28ஆம் நாள் உடைத்துப் பார்த்தோம். எங்கள் கான்கிரீட்டின் தரமான எம் 20 கலவைக்குரிய வலிமையைத் தாண்டியே வந்தது. அறிக்கை கோப்பில் இருக்கிறது.

கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கைப் பிரிப்பதில் இன்னொரு இழுபறி. பலகைக்கும் முட்டுக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வேலைக்கு அவை தேவைப்படும். ஆகவே மேஸ்திரிக்கு அவசரம் இயல்பு. தர விதியின்படி, 4.5 மீட்டர் வரை அகன்ற தளத்தின் முட்டுகளைக் குறைந்தது 7 நாள் கழித்தே எடுக்கலாம், அதற்கு மேல் அகன்றதென்றால் 14 நாள். பீம்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. எங்கள் கூடத்தின் பீம் 6 மீட்டருக்குள். 14 நாள் வாடகையை நாங்களே தருகிறோம் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருந்ததால் பேச்சு சண்டையாகவில்லை. நீராற்றுவதையும் அந்த நாள்கள் முழுக்கத் தொடர்ந்தோம். தளத்தில் சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தூண்களுக்குச் சாக்கு சுற்றி நனைத்தோம். அம்மாவே காலையும் மாலையும் குழாயைப் பிடித்தார்.

மற்றவர்கள் வந்து பார்த்தவை

வங்கியின் இஞ்சினியர் அடித்தளம், தரைத்தளக் கூரை, முதல் தளக் கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக வந்தார். அவர் பார்த்து எழுதினால்தான் கடனின் அடுத்த தவணை இறங்கும். அவர் கையில் அனுமதி வரைபடம் இருந்தது. அறைகளின் அளவையும் இடைவெளிகளையும் நாடா போட்டுப் பார்த்தார். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு முன்பக்கத்தில் திட்டத்தில் இல்லாத ஓர் அறை எழும்பியதால் தவணை நின்றுபோனது. சிறிய வீடுகளுக்கு இன்று உண்மையில் கண்டிப்பான ஆய்வாளர் வங்கிதான்.

பழைய வீட்டின் மின் இணைப்பிலிருந்து கட்டுமானத்துக்கு மின்சாரம் எடுக்காமல் தற்காலிக இணைப்பு வாங்கியிருந்தோம். கட்டணம் அதிகம், ஆனால் வீட்டு இணைப்பைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்திப் பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. நிரந்தர இணைப்புக்கு விண்ணப்பித்தபோது பணி நிறைவுச் சான்றைப் பற்றிய பேச்சு வந்தது. 14 மீட்டர் உயரத்துக்கும் 750 சதுர மீட்டருக்கும் எட்டுக் குடியிருப்புகளுக்கும் மிகாத குடியிருப்புக் கட்டடத்துக்கு அந்தச் சான்றிலிருந்து 2024இல் விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்த அரசாணையின் நகலை விண்ணப்பத்தோடேயே இணைத்திருந்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியாகச் சொத்து வரி. நகராட்சியிலிருந்து வந்து இரண்டு தளங்களையும் அளந்தார்கள். அவர்கள் எடுத்த அளவும் அனுமதி வரைபடத்தின் அளவும் ஒத்துப்போயின. வந்தவர் மொட்டைமாடிக்கும் ஏறிப் பார்த்தார். படிக்கட்டு அறையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அவர் போனபின் மேஸ்திரி, "மாடியில் இரும்புக் குழாய் நட்டுத் தகரக் கூரை போட்டுவிடலாம் அம்மா, வெயிலுக்கும் நல்லது, ஓர் அறை மாதிரியும் இருக்கும்" என்றார். அது இன்னொரு தளம். அனுமதியிலும் இல்லை, அடித்தளக் கணக்கிலும் இல்லை. வெயிலுக்கு வெள்ளை ஓடு பதிக்கச் சொல்லிவிட்டேன். பதித்தாகிவிட்டது, கைப்பிடிச் சுவர் ஓரத்து இணைப்புகளுக்குப் பூச்சு மட்டும் பாக்கி.